அத்தான், ஒரு நடை மலைக்குப் போய் வாங்க

காற்றுக்கு எடை உண்டு என்பதை நிரூபித்தவர் யார் என்று கேட்டால், பாடப்புத்தகம் பாஸ்கல் என்று சொல்லும். பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நிரூபணம் நடந்தது ஒரு மலையில்; அன்று பாஸ்கல் அந்த மலையிலிருந்து சுமார் நானூறு கிலோமீட்டர் தள்ளி பாரிஸில் இருந்தார். மூச்சு வாங்க மலையேறியவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். பாடப்புத்தகத்தில் அக்கா வீட்டுக்காரர்களுக்கு இடம் இல்லை.

1647 நவம்பர் 15-ஆம் தேதி. பிளேஸ் பாஸ்கலுக்கு வயது 24. அக்கா கில்பெர்த்தை மணந்த ஃப்ளோரின் பெரியே, க்ளெர்மோன் என்ற ஊரில் வரி வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் கௌரவமான உத்தியோகத்தில் இருந்தார். ஊருக்குப் பக்கத்திலேயே புய் தெ டோம் என்று 1,465 மீட்டர் உயர மலை. அந்த மலைக்குப் பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டதுதான் அவர் செய்த குற்றம். மைத்துனர் எழுதிய கடிதம் நல்ல மரியாதையான பிரெஞ்சில், ஏராளமான தத்துவத்தோடு இருக்கிறது. நம் வீட்டுத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அத்தான், ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் பாதரசமும் எடுத்துக்கிட்டு ஒரு நடை மலை உச்சிக்குப் போய் வாங்க. கீழ எவ்வளவு உயரம் நிக்குது, மேல எவ்வளவு நிக்குதுன்னு ஒரே நாள்ல அளந்து எழுதுங்க. நானே செய்வேன், பாரிஸ்ல மலை ஏது?"

விஷயம் என்னவென்றால், ஒரு முனை மூடிய குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து விரலை எடுத்தால், முழுவதும் கொட்டிவிடாது. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். சில வருடங்களுக்கு முன் இத்தாலியில் டொரிசெல்லி கண்ட வித்தை இது. பாதரசத்தைத் தாங்கிப் பிடிப்பது யார்? அன்றைய பெரிய மனிதர்களிடம் பதில் தயாராக இருந்தது. இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது. இயற்கையை மடி ஆசாரம் பார்க்கும் பாட்டியாக அவர்கள் நினைத்திருந்தார்கள். வெற்றிடம் மேலே பட்டால் தீட்டு, எதையாவது இழுத்துப் போட்டு மூடிவிடுவாள். பாஸ்கல் கேட்டது ஒரே கேள்வி. மலையடிவாரத்தில் இவ்வளவு ஆசாரம் பார்க்கிற பாட்டி, மலை உச்சிக்குப் போனால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பாளா? உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றால் பாட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே இருக்கும் காற்றின் எடை குறைந்திருக்கிறது, அவ்வளவே.

பாஸ்கல் சும்மா உட்கார்ந்து யோசிக்கிற ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பே ரூவான் நகரத்தில் 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டி, ஒன்றில் தண்ணீரும் இன்னொன்றில் செந்நிற ஒயினும் ஊற்றி, ஊர் கூட்டிக் காட்டியவர். ஒயின் தண்ணீரைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது. காரணம் அது எடை குறைந்தது. பார்க்க வந்த கூட்டம் எதற்காக வந்தது என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை.

அத்தான் உடனே கிளம்பிவிட்டாரா? நவம்பர் போயிற்று, கோடை போயிற்று. உத்தியோகம் வேறு ஊருக்கு இழுத்தது. மலையில் பனி, மூடுபனி, மழை. மச்சினன் சொன்ன காரியத்தைத் தள்ளிப்போட உலகத்தில் எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் அவருக்கு உண்மையாகவே வாய்த்தது. பத்து மாதம் கழித்து, 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி விடியற்காலையில் மலை உச்சி தலைகாட்டியது. பெரியே ஆள் அனுப்பி ஊர்ப் பிரமுகர்களைக் கூட்டினார். பாதிரியார்கள் இருவர், கூட வேலை பார்க்கும் நீதிமன்ற அதிகாரிகள் இருவர், ஒரு மருத்துவர். ஒருவர்கூடச் சோதா இல்லை. நாளைக்கு யாராவது "நம்ப முடியலையே" என்றால் அறைவது போலப் பதில் சொல்லத்தக்கவர்கள்.

எட்டு மணிக்கு மினிம் சபைத் துறவிகளின் மடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். ஊரிலேயே தாழ்வான இடம் அது. மூன்று நாள் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்த பதினாறு பவுண்டு பாதரசம், நாலடி நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு குழாய்கள். இரண்டிலும் பாதரசம் 26 பிரெஞ்சு அங்குலமும் கொஞ்சமும் நின்றது. இப்போது ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். இன்னொன்று?

இன்னொன்று தோட்டத்திலேயே இருக்கட்டும், யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மாட்டியவர் ஷஸ்தென் பாதிரியார்.

இந்த மனிதரைப் பற்றி அறிவியல் வரலாறு ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. நான் கொஞ்சம் கூடவே எழுதுவேன். மலையேறிய கோஷ்டிக்குக் காடு, காற்று, காட்சி, மேலே போய்ச் சேர்ந்ததும் ஆச்சரியம் எல்லாம் உண்டு. ஷஸ்தெனுக்கு ஒரு குழாய். அது ஏறவில்லை, இறங்கவில்லை. காலையில் இருந்த இடத்திலேயே மத்தியானமும் இருந்தது, சாயங்காலமும் இருந்தது. அன்றைக்கு வானிலை அமைதியாகவும் இல்லை. வெயில் அடித்தது, தூறியது, மூடுபனி வந்தது, காற்று வந்தது. குழாய் அசையவில்லை. அந்த அசையாமையை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால், மேலே அளந்ததற்கு மதிப்பே கிடையாது. "வானிலை மாறியிருக்கும், அதனால் இறங்கியிருக்கும்" என்று யார் வேண்டுமானாலும் ஒரே வாக்கியத்தில் ஊதித் தள்ளியிருப்பார்கள். மலைக்காற்றை அளந்த கதை முழுவதும் இப்படித்தான்: மேலே ஒருவர் நடுங்கவேண்டும், கீழே ஒருவர் கொட்டாவி விடவேண்டும். புகழ் மூன்றாவதாக ஒருவருக்குப் போகும்.

மேலே பாதரசம் 23 அங்குலமும் கொஞ்சமும். மூன்று அங்குலத்துக்கு மேல், நம் கணக்கில் எட்டரை சென்டிமீட்டர், இறங்கிவிட்டது. பெரியேவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. வெட்டவெளியில் ஒருமுறை, அங்கிருந்த சிறு கோயிலுக்குள் ஒருமுறை, மூடுபனி வந்தபோது ஒருமுறை என்று உச்சியில் இடம் மாற்றி மாற்றி ஐந்துமுறை அளந்தார். அதே அளவு. இறங்கும் வழியில் ஓரிடத்தில் அளந்தார்; இரண்டுக்கும் நடுவில் வந்தது. மறுநாள் ஊர்க் கதீட்ரல் கோபுரத்தின் மேலும் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பத்து மாதம் இழுத்தடித்த மனிதருக்கு இப்போது ஆசை விட்டபாடில்லை.

செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிஸில் புனித ஜாக் கோபுரத்தில் அளந்து பார்த்தார். உயரம் ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல், படிக்கட்டு உண்டு. பிறகு எல்லாவற்றையும் அச்சுப் போட்டார். பெரியே அனுப்பிய அறிக்கையை அவர் பெயரோடு முழுசாகவே சேர்த்தார், திருட்டு இல்லை. இதற்கிடையில் தெக்கார்த் வேறு, அந்த யோசனையே நான் சொன்னதுதான் என்று கிளம்பினார். அதற்கு முந்தைய வருடம் இதே தெக்கார்த்துதான், வெற்றிடம் இருப்பது பாஸ்கலின் தலைக்குள்தான் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதியவர்.

1971-இல் அழுத்தத்தின் அலகுக்கு உலக அளவியல் மாநாடு பாஸ்கல் என்று பெயர் வைத்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம் ஹெக்டோபாஸ்கல் என்று நாமும் சொல்கிறோம். அத்தான் பெயரில் ஒரு அலகும் இல்லை. ஷஸ்தெனுக்கு ஒரு கொட்டாவிகூட மிஞ்சவில்லை.

*

அடுத்தவரை மலையேற்றும் கலையில் பாஸ்கலையும் மிஞ்சியவர் ஜெனீவாவின் ஒராஸ்-பெனெடிக்ட் தெ சோசூர். 1760-இல் மோன் ப்ளாங் மலையைப் பார்த்தார். 4,800 மீட்டர். இருபது வயது. நாமென்றால் "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிப்போம். அவர் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு ஊர் திரும்பினார். பணக்காரர், பரிசு அறிவிக்கக் கட்டுபடியாகும்.

பரிசுக்கு உரியவர் கிடைக்க 26 வருடம் ஆயிற்று. 1786 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஷமோனி கிராமத்து மருத்துவர் பக்காரும், பளிங்குக்கல் தேடி மலையில் திரியும் பால்மாவும் உச்சியைத் தொட்டார்கள். பக்கார் காற்றழுத்தமானியைக் கையோடு கொண்டுபோய் அங்கே அளவும் எடுத்தார். உலகத்தின் உச்சந்தலை போன்ற இடத்தில் அளவெடுத்த மனிதருக்கு என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது வேறு. பூரி என்று ஒருவர் இருந்தார் (கிழங்கு சம்பந்தமில்லை, ஜெனீவாவின் கோயில் பாடகர், ஓவியர், எழுத்தாளர்). தானே ஏறிப் பார்த்துத் தோற்றவர். வயிற்றெரிச்சல் தாளாமல், எல்லாம் பால்மாவின் வீரம், டாக்டரைப் பாதி இழுத்துக்கொண்டுதான் போனார் என்ற தோரணையில் எழுதித் தள்ளினார். அது ஒட்டிக்கொண்டது. 1887-இல் ஷமோனியில் சிலை வைத்தார்கள்: பால்மா விரல் நீட்டி மலையைக் காட்டுகிறார், சோசூர் அண்ணாந்து பார்க்கிறார். அளந்த டாக்டர் அதில் இல்லை. அவருக்கு ஒரு சிலை வர 1986 ஆயிற்று, ஏறி இருநூறு வருடம் முடிந்த பிறகு.

சோசூர் 1787 ஆகஸ்டில் தாமே ஏறினார். கூடப் பதினெட்டு வழிகாட்டிகள், ஒரு வேலைக்காரர், கூடாரம், படுக்கை, ஏணி, பெட்டி பெட்டியாகக் கருவிகள். கீழே ஷமோனியில் மனைவி தொலைநோக்கியில் கண் வைத்திருந்தார். உச்சியில் கணவரைக் கண்டதும் கொடி ஏற்றுவதாக ஏற்பாடு. மகன் கீழே அதே நேரத்தில் காற்றழுத்தம் எடுத்தார், ஜெனீவாவில் செனெபியே என்ற நண்பர் எடுத்தார். ஒரு ஷஸ்தெனுக்குப் பதில் இரண்டு ஷஸ்தென்கள். இந்த முன்னேற்பாட்டில் சோசூரை மெச்சத்தான் வேண்டும்.

27 வருடம் கனவு கண்ட உச்சியில் கால் வைத்ததும் அவருக்கு வந்தது ஆனந்தம் இல்லை, கோபம். பனியை ஆத்திரத்தோடு மிதித்தேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மூச்சு விட முடியவில்லை. கடல்மட்டத்தில் மூன்று மணி நேரத்தில் முடிகிற சோதனைகள் அங்கே நாலரை மணி நேரத்தில் முடியவில்லை. தண்ணீர் கொதிக்கவே அரைமணி. கொதித்ததும் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்தது. நாடி பிடித்துப் பார்த்தார்: தனக்கு 100, வேலைக்காரருக்கு 112. கீழே அதே வேலைக்காரருக்கு 60-தான். கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். சின்னப் பட்டாசு அளவுக்குத்தான் சத்தம் வந்தது. வானத்தின் நீலத்தை அளக்க, வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை சாயம் பூசிய காகிதத் துண்டுகளைத் தூக்கிப் பிடித்து எது பொருந்துகிறது என்று பார்த்தார். புடவைக்கு ரவிக்கைத் துணி பார்க்கும் கடைக்காரர்கூட இவ்வளவு பொறுமை காட்டமாட்டார். காற்றின் ஈரத்தை அளக்க அவரே கண்டுபிடித்த கருவியில் மனிதத் தலைமுடி இருந்தது. ஈரம் ஏறினால் முடி நீளும், முள் நகரும். இதைக் கேலி செய்யலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அந்த முடிக் கருவி அடுத்த இருநூறு வருடம் உலகம் முழுக்க வானிலை நிலையங்களில் வேலை செய்தது. விட்டுவிடுகிறேன்.

மறுவருடம் ஜூலையில் மனிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு நாள் அளந்தால் ஒரு நாளின் காற்றுத்தானே தெரியும்? மகனைக் கூட்டிக்கொண்டு கொல் து ஜெயான் என்ற கணவாயில், 3,300 மீட்டருக்கு மேலே, பனிக்கும் பாறைக்கும் நடுவில் பதினாறு பதினேழு நாள் குடியிருந்தார். அதிகாலை நாலு மணியிலிருந்து நள்ளிரவு வரை இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பம், அழுத்தம், ஈரம் எல்லாம் அளந்தார்கள். உயரே போகப் போகக் காற்று எவ்வளவு குளிர்கிறது என்று அவர் கண்ட கணக்கு இன்றைய கணக்குக்கு மிக நெருங்கியது. தகப்பனும் பிள்ளையும் சந்தோஷமாக இருந்தார்கள். வழிகாட்டிகள்? அவர்கள் வேட்டைக்காரர்கள், மலைவாசிகள். முடி நீள்வதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் உட்காருவது அவர்கள் ஜாதகத்தில் இல்லை. கடைசியில் மிச்சமிருந்த சாப்பாட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டார்கள், எல்லோரும் இறங்கியே தீரவேண்டும் என்பதற்காகத்தான் என்று சோசூருக்குச் சந்தேகம். அறிவியலின் முதல் வெற்றிகரமான வேலைநிறுத்தம் இதுவாக இருக்கலாம். பசியோடு இறங்கினார்கள்.

*

நூறு வருடம் கழித்து அதே மோன் ப்ளாங்குக்கு இன்னொருவர் வந்தார். ஜூல் ஜான்சென், பிரெஞ்சு வானியலாளர். பிடிவாதத்துக்கு இவரைத்தான் அலகாக வைத்திருக்க வேண்டும். 1870-இல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, அல்ஜீரியாவில் தெரியும் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக பலூன் ஏறி எதிரிகளின் தலைக்கு மேலே பறந்து தப்பியவர். ஓரான் போய்ச் சேர்ந்தார். கிரகணத்தன்று வானம் மேகமூட்டம். ஆள் சலிக்கவில்லை, அடுத்த வருடம் டிசம்பரில் இன்னொரு கிரகணத்துக்காக நம் நீலகிரிக்கே வந்து சோலூரில் கருவிகளை நிறுத்தினார். அங்கே வானம் கைகொடுத்தது. நீலகிரிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இவருக்குச் சிறுவயதிலிருந்தே கால் ஊனம். மலையேற முடியாது என்பது மற்றவர்களுக்குத் தோன்றும், அவருக்குத் தோன்றவில்லை. 1890-இல் சறுக்குவண்டியில் உட்கார்ந்துகொண்டார். வழிகாட்டிகள் மோன் ப்ளாங் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உச்சியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் வேண்டும் என்று அங்கேயே முடிவு. அஸ்திவாரத்துக்குப் பாறை இருக்கிறதா என்று பார்க்க, கோபுரம் கட்டிப் பெயர் எடுத்த அதே ஈஃபில் செலவில் பொறியாளர் இம்ஃபெல்ட் 1891-இல் பனிக்குள் சுரங்கம் வெட்டினார். வெட்டினார், வெட்டினார், பாறையே இல்லை. யாரோ எப்போதோ தின்றுபோட்ட உலர்பிளம் பழத்தின் கொட்டை ஒன்றுதான் கல் என்று சொல்லும்படி அகப்பட்டது என்பார்கள். ஈஃபில் விலகிக்கொண்டார். ஜான்சென் சொன்னது: பரவாயில்லை, பனி மேலேயே கட்டுங்கள்.

கட்டினார்கள். பாரிஸ் அருகே மெதோனில் மரத்துண்டுகளாகச் செய்து, கூலியாட்கள் முதுகில் ஏற்றி, 1893-இல் உச்சியில் பொருத்தினார்கள். 69 வயதில் ஜான்சென் மறுபடி இழுத்துச் செல்லப்பட்டுக் கிரகப்பிரவேசம் செய்தார். அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. மேலே ஆள் நடுங்க வேண்டிய அவசியமே இல்லாமல், எட்டு மாதம் சாவி கொடுக்காமல் தானே ஓடி வெப்பம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் எந்திரம் ஒன்றை வைத்தார். எந்திரம் அடிக்கடி நின்றுபோனது. கட்டடம் ஒவ்வொரு வருடமும் பனிக்குள் இறங்கியது. ஜான்சென் 1907-இல் காலமானார். 1909-இல் மிச்சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே மலையில் வலோ என்ற தாவரவியலாளர் முன்யோசனையோடு கொஞ்சம் கீழே, பாறை மேல், 1890-இல் கட்டிய கூடம் நிலைத்தது. உச்சியை விட்டுக்கொடுக்க மனசு வரவேண்டும், அதுதான் கஷ்டம்.

*

கடவுளே இறங்கி வந்து ஒருவரை மலைக்கு அனுப்பிய கதை நம்மிடம் இருக்கிறது. சிவன் கல்யாணத்துக்குத் தேவர்கள் எல்லாம் வடக்கே குவிய, பூமி ஒரு பக்கம் சாய, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே பொதிகைக்கு அனுப்பினார்கள். கல்யாணச் சாப்பாடு போயிற்று. குள்ள முனிவர் எதிர்ப்பேச்சில்லாமல் போனார். 1855-இல் அதே பொதிகையின் அகத்தியமலை உச்சியில், திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வாளர் ஜான் ஆலன் பிரவுன் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். ஸ்காட்லாந்துக்காரர், முதல் ஆசை காந்தவியல். யானைக்காட்டுக்கு நடுவே ஆறாயிரம் அடிக்கு மேலே கருவிகள் தலைச்சுமையாகத்தான் போயின. திருவனந்தபுரத்தில் ஒரு கருவி, மேகத்துக்கு மேலே ஒரு கருவி. சுமந்தவர்கள் யார் என்று அகத்தியருக்குத்தான் தெரியும்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மலை என்றால் ஒரு கிறுக்கு உண்டு போல. அங்கே பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர்தான், நம் கொடைக்கானலைவிடக் குட்டை. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு புயலும் முதலில் வந்து முட்டுவது அதன் மேல். உச்சியில் ஒரு நிலையம் வேண்டும் என்று ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் செயலாளர் தாமஸ் ஸ்டீவன்சன், வானிலைக் கருவிகளை வைக்கும் வெள்ளைச் சட்டப்பெட்டியை வடிவமைத்தவர், கதாசிரியர் ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா. அரசாங்கம் காசு தரவில்லை. அப்போதுதான் க்ளெமென்ட் ராக் என்ற இளைஞர் ஓடி வந்தார்: நிலையம் கட்டும்வரை நான் தினமும் ஏறி அளந்து தருகிறேன்.

தினமும் என்றால் தினமும். 1881 ஜூன் 1 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, ஒரு நாள் விடாமல். விடியுமுன் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து கிளம்பி, பாதி தூரம் மட்டக்குதிரையில், மீதி நடந்து, ஒன்பது மணிக்கு உச்சியில் அளவெடுக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் குறித்த நேரத்தில் வேறு அளவு. தாமதமானால் ஓட்டம், சீக்கிரம் வந்துவிட்டால் மழையில் நின்று காத்திருத்தல். துணைக்கு ரென்ஸோ என்ற நாய். சக மனிதர்கள் சூட்டிய பட்டப்பெயர் "இன்க்ளெமென்ட் ராக்": வானிலை மோசம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர் பெயரிலேயே ஒட்டிவிட்டார்கள்.

கீழே, கடல்மட்டத்தில், அதே நிமிடங்களில் அளவெடுத்தது அவர் மனைவி லியோனோரா. வீடு, சமையல், நடுவில் கடிகாரம் பார்த்து ஓடிப் பாரோமீட்டர். சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது, ராக்குக்கு. அம்மாவுக்கு எதுவும் கொடுத்ததாக நான் படித்ததில்லை. ராக் மேலே எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் கொடுத்தது கீழே அவர் எழுதிய எண். பதக்கத்தை நடுவில் வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மக்கள் வசூல் செய்து, விக்டோரியா ராணியும் கொஞ்சம் போட்டு, 1883 அக்டோபரில் நிலையம் திறந்தது. பொறுப்பாளர் வேலைக்கு ராக் விண்ணப்பித்தார். வேலை ஓமண்ட் என்பவருக்குப் போனது. ராக் கோபித்துக்கொண்டு ஆஸ்திரேலியா போய், குயின்ஸ்லாந்து அரசின் வானிலை அதிகாரியாகி, புயல்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். முதலில் கிரேக்க எழுத்துகள், அப்புறம் புராணப் பெயர்கள். பிறகு தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்கள். "இன்று இன்னார் கடலில் குழப்பம் விளைவித்துக்கொண்டு திசை தெரியாமல் அலைகிறார்" என்று அரசாங்க அறிக்கையிலேயே எழுதுகிற வசதியை நினைத்துப் பாருங்கள். பிடிக்காதவர்களைப் பழிவாங்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது. 1902-இல் வறட்சியைப் போக்க மேகத்தை நோக்கிப் பீரங்கி சுட்டார், மழை வரவில்லை. மழை வந்திருந்தால் அவருக்கும் ஒரு அலகு கிடைத்திருக்கும்.

பென் நெவிஸில் ஒரு மணிக்கு ஒருமுறை, இரவு பகல் பார்க்காமல், 1904 வரை அளந்தார்கள். வருடத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. சராசரி வெயில் நாளுக்கு இரண்டு மணி நேரம். புயல்வேகக் காற்று வருடத்தில் 261 நாள். குளிர்காலத்தில் கதவு பனிக்குள் புதைந்துவிடும். கோபுரத்து வழியாக வெளியே வரவேண்டும். காற்றுமானி பனிக்கட்டியாகி உறைந்துவிடுவதால், காற்றின் வேகத்தைத் தங்கள் உடம்பாலேயே கணித்தார்கள்: நிமிர்ந்து நிற்க முடிந்தால் இவ்வளவு, சாய்ந்து நின்றால் இவ்வளவு, தவழ்ந்தால் இவ்வளவு. ஸ்டீவன்சனின் வெள்ளைப் பெட்டியும் உறைந்து பனிப்பாளமாகிவிடும்; ஒன்றை உள்ளே கொண்டுவந்து உருக்கும்போது இன்னொன்றை வெளியே வைப்பார்கள். பொழுது போகாதபோது பனியாலேயே மேசை செய்து டேபிள் டென்னிஸ் ஆடினார்கள், புகைப்படம் இருக்கிறது. மலைப்பாதையில் நடந்து வருகிறவர்களிடம் ஒரு ஷில்லிங், குதிரையில் வந்தால் மூன்று. சுங்கச்சாவடி அன்றே உண்டு.

கோடையில் ஊழியர்கள் விடுப்பில் போகும்போது கல்லூரிப் பையன்கள் வந்து கைகொடுப்பார்கள். 1894 செப்டம்பரில் அப்படி இரண்டு வாரம் வந்தவர் சி.டி.ஆர். வில்சன். கீழே மேகத்தின் மேல் விழுந்த தன் நிழலைச் சுற்றி வானவில் வளையங்கள் இருந்ததைப் பார்த்தார். இதை ஆய்வகத்தில் செய்துபார்க்கலாமே என்று கேம்பிரிட்ஜில் கண்ணாடிக் கூண்டுக்குள் மேகம் உண்டாக்க ஆரம்பித்தார். மேகத்துக்குப் பதில் அணுத்துகள்கள் போன தடம் தெரிந்தது. 1927-இல் நோபல் பரிசு. இருபது வருடம் காற்றில் தவழ்ந்தவர்கள் ஒருபுறம், இரண்டு வாரம் வந்தவருக்கு நோபல் ஒருபுறம். வில்சன் மேல் எனக்குக் கோபமில்லை; அவர் பார்த்தார், மற்றவர்கள் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசு தீர்ந்து 1904-இல் கதவைச் சாத்தினார்கள். ஆனால் எண்கள் மிச்சம். எடின்பரோ ராயல் சொசைட்டியின் கனத்த தொகுதிகளில் பக்கம் பக்கமாக அச்சாகித் தூங்கின. கணினிக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. 2017-இல் ரெடிங் பல்கலைக்கழகத்து வானிலை ஆய்வாளர்கள் பொதுமக்களைக் கேட்டார்கள்: பக்கங்களின் படத்தை அனுப்புகிறோம், பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து தருவீர்களா? ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண் எண்ணாக அடித்துக்கொண்டிருந்த அந்த வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யாரும் பதிவு செய்யவில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன்:

"ராத்திரி பதினொண்ணு ஆகுது, இன்னும் என்ன பண்றீங்க?"

"1895 பிப்ரவரி, விடியக்காலை மூணு மணி. மேல காத்து பதினொண்ணாம் நம்பர்."

"கீழ குப்பைய வெளிய வச்சீங்களா?"